மூன்று வாக்கும் இரண்டு வாக்கும்

ஒரு மக்கட் கூட்டத்தை இழிவுபடுத்துவதற்கு இரண்டு வழிகள் உள. ஒன்று பகைவன் கையாளும் வழி. இவர்கள் கொடியவர்கள், சோம்பேறிகள், தம்மைத் தாமே ஆளத் தகுதியற்றவர்கள் என்று அவன் முரசறைவான். இதனை இனங்கண்டு எதிர்ப்பது எளிது. மற்றையது இரங்குவோன் கையாளும் வழி. ஐயோ, இவர்கள் எத்துணைத் துன்பப்பட்டவர்கள் என்று அவன் கண்ணீர் உகுப்பான். அத்துன்பத்தை விற்க வந்தால் நல்ல விலை கொடுத்து வாங்குவான். துன்பத்தைத் தவிர வேறெதனைக் கொண்டுவந்தாலும், இது உங்கள் சரக்கு அன்றே என்று திருப்பி அனுப்புவான். இந்த இரண்டாவது வழியை எதிர்ப்பதுதான் கடினம். எதிர்ப்பவன் நன்றி கெட்டவனாகத் தோன்றுவான்.

இவ்விரண்டாவது வழியை நையாண்டி செய்து எழுதப்பட்டதொரு நாவல், இருபத்திரண்டு ஆண்டுகளின் பின்னர் திரைக்கு வந்தது. அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளராகிய பேர்சிவல் எவரெட் 2001ஆம் ஆண்டில் வெளியிட்ட 'இரேஷர்' என்பதே அந்நாவல். துடைத்தழித்தல் என்பது அப்பெயரின் பொருள். கோட் ஜெபர்சன் என்னும் கறுப்பின எழுத்தாளர் அதனைத் திரைக்கதையாக்கித் தாமே நெறிப்படுத்தினார். அதுவே அவர் நெறிப்படுத்திய முதற் படம். 'அமெரிக்கன் பிக்ஷன்', அதாவது அமெரிக்கப் புனைகதை, என்று பெயரிடப்பட்ட அப்படம் 2023 செப்டெம்பரில் ரொறன்ரோ திரைப்பட விழாவில் மக்கள் தெரிவு விருதினைப் பெற்றது. 2024 மார்ச் 10ஆம் திகதி, தழுவல் திரைக்கதைக்கான ஒஸ்கார் பரிசும் அதற்கே கிடைத்தது.

அரசியல் ஏடொன்றிலே சினிமாவுக்கு என்ன இடம் என்று வினவும் வாசகர் இருப்பர். அவர்களுக்கு நாம் கூறும் விடை இது: ஒரு மக்கள் யார், அவர்கள் எத்தகையோர் என்று கூறும் அதிகாரம் எவர் கையில் உள்ளது என்பதே அரசியலின் முதல் வினா. சட்டசபையிலே சட்டம் நிறைவேறுவதற்கு முன்னர், அச்சட்டத்துக்கு ஆளாகப் போகின்றவர்களைப் பற்றிய ஒரு சித்திரம் நாட்டின் மனத்திலே நிறைவேறிவிடுகின்றது. அச்சித்திரம் எழுதப்படும் இடங்களுள் வெண்திரை தலையாயது. ஆதலின், இந்நாவலைப் படமாக்கியதில் எது காக்கப்பட்டது, எது கைவிடப்பட்டது என்பதை ஆராய்வது பொழுதுபோக்கன்று.

பகைவனின் சித்திரம்

முதலில் வரலாற்றைச் சிறிது நோக்குவோம். அமெரிக்காவிலே நாவலொன்று படமாகி நாட்டையே கலக்கிய நிகழ்ச்சி 1915ஆம் ஆண்டுக்குரியது. தோமஸ் டிக்சன் என்பவர் 1905இல் எழுதிய 'த கிளான்ஸ்மன்' என்னும் நாவலைத் தழுவி, டி. டபிள்யூ. கிரிபித் 'ஒரு தேசத்தின் பிறப்பு' என்னும் படத்தை எடுத்தார். விடுதலை பெற்ற கறுப்பின மக்களை வெறியராகவும், வெள்ளைப் பெண்களுக்கு ஆபத்தானவர்களாகவும், சட்டசபையில் அமரத் தெரியாத மூடராகவும் அப்படம் காட்டியது. அதில் முக்கியமான கறுப்பினப் பாத்திரங்களை ஏற்று நடித்தவர்கள் முகத்திற் கரி பூசிய வெள்ளையரே. வெள்ளை மாளிகையிலே ஜனாதிபதி வூட்ரோ வில்சன் முன்னிலையிலும் படம் காட்டப்பட்டது. அதே ஆண்டின் இறுதியில், ஜோர்ஜியா மாநிலத்தின் ஸ்டோன் மலையிலே, மடிந்துபோயிருந்த கு கிளக்ஸ் கிளான் என்னும் கொடிய இயக்கம் மீண்டும் உயிர்பெற்றது.

எழுத்தில் இருந்தவரை டிக்சனின் நாவல் பல வெறுப்பு நூல்களுள் ஒன்று. திரைக்கு வந்ததும் அது படையொன்றைத் திரட்டும் வலிமை பெற்றது. நூலைப் படமாக்குதல் என்பது உடை மாற்றுவது போன்றதன்று என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா. வாசிக்கத் தெரியாதவனும் வாசிக்க விரும்பாதவனும் படத்தைப் பார்ப்பான். பார்த்ததைக் கண்ணாற் கண்ட சாட்சியென்று நம்புவான்.

அதன் பின்னரும் கறுப்பின மக்களுக்குத் திரையிலே கொடுக்கப்பட்ட இடம் யாது? சமையற்கட்டும் தோட்டமும் கொலைக்களமுமே. 1939இல் வெளிவந்த 'கோன் வித் த விண்ட்' படத்தில் வீட்டுப் பணிப்பெண்ணாக நடித்த ஹற்றி மக்டானியல், 1940இல் ஒஸ்கார் பரிசு பெற்றார். அப்பரிசைப் பெற்ற முதற் கறுப்பினத்தவர் அவரே. ஆனால் பரிசளிப்பு நடந்த மண்டபத்தில் தம்முடன் நடித்தோர் இருந்த மேசையில் அவருக்கு இடமில்லை. சுவரோரமாகப் போடப்பட்ட தனி மேசையிலேயே அவர் அமரவேண்டியிருந்தது. பணிப்பெண்ணாக நடித்ததற்குப் பரிசு. பரிசு பெற்றவராக அமர்வதற்குத் தடை!

இரங்குவோனின் சந்தை

காலம் மாறிற்று. சட்டத்தால் வகுக்கப்பட்ட பிரிவினை ஒழிந்தது. வெளிப்படையாக இகழ்வது நாகரிகமற்ற செயலாகிவிட்டது. அப்பொழுது தோன்றியதுதான் புதிய சந்தை. வறுமை, போதைமருந்து, துப்பாக்கி, சிறை, தந்தையற்ற வீடு ஆகியவற்றைக் கொண்ட கதைகளே கறுப்பின மக்களின் உண்மைக் கதைகள் என்று பதிப்பாளரும் படமுதலாளிகளும் தீர்மானித்தனர். வாசிப்பவரும் தம் உள்ளம் உருகியதைக் கண்டு தம்மையே மெச்சிக்கொண்டனர்.

இங்கே ஒன்றைத் தெளிவாகக் கூறுதல் வேண்டும். வறுமையும் சிறையும் பொய்யல்ல. றிச்சட் றைற் 1940இல் 'நேட்டிவ் சன்' நாவலை எழுதியபோது, சிக்காகோ நகரத்துக் கறுப்பின இளைஞனொருவன் எவ்வாறு கொலைகாரனாக்கப்படுகின்றான் என்பதை அச்சமின்றிக் காட்டினார். அது தேவையான நூல். சபயர் என்னும் பெயரில் எழுதுபவர் 1996இல் வெளியிட்ட 'புஷ்' நாவலும் நடவாததைச் சொல்லவில்லை. நமது வழக்கு அந்நூல்களின் மேலன்று. அவற்றை மட்டுமே வாங்குவேன் என்று கூறும் சந்தையின் மேலேயே நமது வழக்கு.

நமது கமக்காரருக்கு இதனை நாம் விளக்க வேண்டியதில்லை. மண் பலவற்றையும் விளைவிக்கும். வியாபாரி ஒன்றையே வாங்குவான். அவன் கேட்டதையே நான்கு போகம் நட்ட பின்னர், 'இந்த மண்ணிலே இதைத் தவிர வேறெதுவும் வராது' என்று அவ்வியாபாரியே பேசத் தொடங்குவான். ஐந்தாவது போகத்தில் கமக்காரனின் மகனும் அதனை நம்பிவிடுவான். எவரெட்டின் நாவல் இந்த ஐந்தாவது போகத்தின் கதை.

நூல் கூறும் கதை

நாவலின் நாயகன் தெலோனியஸ் எலிசன். மங்க் என்பது அவனை அழைக்கும் பெயர். ஜாஸ் இசைமேதை தெலோனியஸ் மங்க், 1952இல் 'இன்விசிபிள் மேன்' எழுதிய றால்ஃப் எலிசன் ஆகிய இருவர் பெயரையும் ஆசிரியர் ஒருவனுக்கே சூட்டியிருக்கின்றார். மங்க் பேராசிரியன், வைத்தியர்கள் நிறைந்த குடும்பத்திற் பிறந்தவன். பண்டைக் கிரேக்க நாடகங்களைத் தழுவி நாவல் எழுதுபவன். ஈஸ்கிலசின் 'பாரசீகர்' நாடகத்துக்கும் கறுப்பின வாழ்வுக்கும் என்ன தொடர்பு என்று விமர்சகர் ஒருவர் கேட்கின்றார். புத்தகக் கடைக்குப் போனால், கிரேக்கக் கதையைக் கூறும் அவனது நூல்கள் கறுப்பின ஆய்வுகள் என்னும் தட்டிலே அடுக்கப்பட்டிருக்கின்றன. எழுதியவனின் தோலைப் பார்த்து அடுக்கினார்களேயன்றி, எழுதியதைப் படித்து அடுக்கவில்லை.

இதே வேளையில், சேரி வாழ்வைக் கொச்சை மொழியிற் கூறும் கறுப்பினப் பெண்ணொருவரின் நாவல் நாடெங்கும் கொண்டாடப்படுகின்றது. சினங்கொண்ட மங்க், கேலிக்காகவே அத்தகையதொரு கதையை எழுதி, ஸ்டக் ஆர். லீ என்னும் புனைபெயரில் அனுப்புகின்றான். பழைய நாட்டுப்பாடல்களில் வரும் கொலைகாரனொருவனின் பெயரை ஒத்தது அப்புனைபெயர். பெயரிலேயே கேலி பொதிந்திருக்கின்றது. ஆயினும் எவரும் அதனைக் கேலியென்று உணரவில்லை. பெருந்தொகை முன்பணம் வருகின்றது. தலைப்பை அச்சிடத் தகாத வசைச்சொல்லாக மாற்றினாலாவது விழிப்பார்களா என்று பார்க்கின்றான். அதனையும் துணிச்சலென்று மெச்சி ஏற்கின்றனர். தாயோ நினைவு மங்கும் நோயால் வருந்துகின்றாள். பராமரிப்புக்குப் பணம் வேண்டும். கேலியாகத் தொடங்கியது பிழைப்பாகிவிடுகின்றது. இறுதியில், அவனே நடுவர்களுள் ஒருவனாக அமர்ந்திருக்கும் பரிசுக்கு அந்நூலே வருகின்றது.

தன் வழக்கிலே தானே நீதிபதியாக இருத்தல் ஆகாது என்பது சட்டத்தின் அரிச்சுவடி. மங்க் தன் வழக்கிலே நீதிபதியாகின்றான். தனக்கு எதிராகவே தீர்ப்பளிக்கின்றான். அப்படியிருந்தும் அவனே வெல்கின்றான். இதனினும் கூரிய நையாண்டியை நாம் அறியோம்.

படம் கைவிட்டவை

இனி, படமாக்கியதிற் கைவிடப்பட்டவற்றைக் கூறுவோம். இரண்டு குறைகளை நாம் முக்கியமாகக் காண்கின்றோம்.

முதலாவது, நூலுக்குள் இருக்கும் நூல். எவரெட் தமது நாவலின் நடுவே, மங்க் எழுதிய போலிக் கதையை முதற் சொல்லிலிருந்து இறுதிச் சொல்வரை முழுமையாகவே தந்திருக்கின்றார். வாசகன் அதனைப் படிக்கும்போது ஒரு விபரீதம் நிகழ்கின்றது. இது கேலி என்று அவனுக்குத் தெரியும். ஆயினும், கதை அவனை இழுத்துச் செல்கின்றது, பக்கத்தைப் புரட்டுகின்றான், அடுத்து என்ன நடக்கும் என்று அறிய அவாவுகின்றான். முடிவில், மூடப் பதிப்பாளர்கள் எதனை விரும்பினார்களோ அதனையே தானும் விரும்பிப் படித்ததை உணர்கின்றான். பார்வையாளர் வாங்கிலே வீற்றிருந்தவனை ஆசிரியர் கையைப் பிடித்து எதிரிக் கூண்டிலே ஏற்றிவிடுகின்றார்.

படத்திலே இப்பொறி இல்லை. மங்க் தட்டச்சு செய்யும் வேளையில் அவனது பாத்திரங்கள் இருவர் அறையிலே உருக்கொண்டு நடிக்கின்றனர். இடையே நின்று, அடுத்து என்ன பேசுவது என்று அவனையே கேட்கின்றனர். நகைப்புக்குரிய காட்சி, நன்கு நடிக்கப்பட்ட காட்சி. ஆனால் அது சில நிமிடங்களில் முடிந்துவிடுகின்றது. அதனைப் பார்ப்பவன் ஒருபோதும் ஏமாறுவதில்லை. ஏமாந்தவர்களைப் பார்த்துச் சிரிப்பதே அவனுக்கு விடப்பட்ட பணி. தான் அவர்களுள் ஒருவனல்லன் என்ற நிம்மதியோடு அவன் வீடு திரும்பலாம். நையாண்டியின் முள் ஒடிந்தது இங்கேதான்.

நெறியாளருக்கு வேறு வழி இருந்ததா என்று கேட்கலாம். போலிக் கதையை முழுமையாகப் படமாக்கியிருந்தால், அது எதனைக் கேலி செய்ததோ அதுவாகவே ஆகியிருக்கும். எழுத்திலே கொலைகாரன் ஒருவன் சொற்களால் ஆனவன். திரையிலே அவனுக்கு ஒரு நடிகனின் உடலும் முகமும் வேண்டும். கேலிக்காகக் காட்டப்பட்ட முகமும் மனத்திற் பதிந்த பின் முகமே. 1915இன் வரலாற்றை அறிந்த எவரும் அதனை இலேசாகச் செய்யத் துணியமாட்டார். ஆதலின், அவர் அஞ்சியதை நாம் குறைகூறவில்லை. ஆனால், அந்த அச்சத்துக்கு விலை கொடுக்கப்பட்டது என்பதையும் மறைக்கமாட்டோம்.

இரண்டாவது குறை இதனினும் கனமானது. மங்கின் தமக்கை லீசா ஒரு வைத்தியர். நாவலிலே அவர் வாஷிங்டன் நகரில் பெண்களுக்கான மருத்துவநிலையத்திற் பணியாற்றுகின்றார். கருக்கலைப்பை எதிர்க்கும் வெறியனொருவனாற் சுட்டுக் கொல்லப்படுகின்றார். படத்திலே கதை பொஸ்டன் நகருக்கு மாற்றப்பட்டிருக்கின்றது. லீசா மாரடைப்பால் இறக்கின்றார்.

இது சிறு மாற்றமன்று. நாவலின் வாதத்தை உற்று நோக்குக. கறுப்பினக் குடும்பமென்றாற் சேரித் துப்பாக்கிச் சூட்டையே எதிர்பார்க்கின்றது சந்தை. எவரெட் காட்டும் குடும்பத்திலும் துப்பாக்கி வெடிக்கின்றது. ஆனால், அது சந்தை எதிர்பார்த்த துப்பாக்கியன்று. தன் கடமையைச் செய்த வைத்தியரை அமெரிக்க அரசியலின் வெறியே கொல்கின்றது. அந்த உண்மையான வன்முறையைப் பற்றி மங்கிடம் எந்தப் பதிப்பாளரும் கதை கேட்கவில்லை. கேட்கப்படாத துன்பத்தின் அருகே கேட்கப்படும் துன்பத்தை நிறுத்திக் காட்டியதே நூலின் ஆற்றல். மாரடைப்பு எவர் மேலும் குற்றஞ்சாட்டாது. அதனை வைத்ததும் ஒரு சாட்சியம் வழக்கேட்டிலிருந்து நீக்கப்பட்டுவிட்டது. 2022 யூனில் அமெரிக்க உயர்நீதிமன்றம், கருக்கலைப்புக்கு அரசியலமைப்பு வழங்கிய பாதுகாப்பை அகற்றியது. அதன் மறு ஆண்டில் வெளிவந்த படத்திலே அச்சாட்சியம் இல்லாமற் போனது நமக்கு வருத்தமே.

படம் சேர்த்தவை

குறைகளைக் கூறிய நாம், நிறைகளையும் அதே நேர்மையோடு கூறக் கடமைப்பட்டுள்ளோம். படம் நூலினும் மேம்பட்டு நிற்கும் இடங்களும் உள.

நாவலிலே அந்தப் போட்டி எழுத்தாளர் பெரும்பாலும் ஒரு கேலிப்பொருளே. அவரது தரப்பு கேட்கப்படுவதில்லை. படத்திலோ அவரே பரிசுக் குழுவில் மங்குடன் நடுவராக அமர்கின்றார். இருவரும் தனித்திருக்கையில் மங்க் அவரைக் குறுக்கு விசாரணை செய்ய முற்படுகின்றான். அவர் தடுமாறவில்லை. தாம் ஆராய்ந்தே எழுதியதாகவும், அத்தகைய மனிதர் உலகில் உள்ளனர் என்றும், வாசகர் விரும்புவதைக் கொடுத்ததிற் குற்றமில்லை என்றும் கூறுகின்றார். மங்கின் வெறுப்பிலே, தன் இனத்து ஏழைகளைக் கண்டு வெட்கப்படும் மேட்டுக்குடியின் வாடை வீசுவதையும் நாம் அங்கே உணர்கின்றோம்.

மறுதரப்பையும் கேள் என்பது இயற்கை நீதியின் முதல் விதி. நாவலாசிரியர் கொடுக்காத அச்சந்தர்ப்பத்தை நெறியாளர் கொடுத்தார். அதனால் வழக்கு கடினமாயிற்று, நேர்மையுமாயிற்று. படித்தவர்களாகிய நாம், பிறர் நம்மை எப்படிச் சித்திரிக்கின்றார்கள் என்று குமுறும்போது, அக்குமுறலின் ஒரு பகுதி நம்மவருள் ஏழையாய் இருப்பவரோடு நம்மைச் சேர்த்து எண்ணிவிடுவார்களே என்ற அச்சந்தானோ? வைத்தியரும் சட்டத்தரணியும் இவ்வினாவைத் தமக்குத் தாமே கேட்டுக்கொள்வது நன்று.

அடுத்து வருவதே நமது தலைப்புக்குரிய காட்சி. நடுவர் ஐவர், மூவர் வெள்ளையர், இருவர் கறுப்பினத்தவர். அந்தப் போலி நூலுக்குப் பரிசளிக்கலாமா என்று வாக்கெடுக்கப்படுகின்றது. கறுப்பினத்தவர் இருவரும் வேண்டாமென்கின்றனர். வெள்ளையர் மூவரும் வேண்டுமென்கின்றனர். மூன்றுக்கு இரண்டு, தீர்மானம் நிறைவேறுகின்றது. அவ்விருவரையும் தோற்கடித்த அதே மூச்சிலே, கறுப்பின மக்களின் குரலுக்குச் செவிசாய்க்க வேண்டிய காலம் இது என்று அம்மூவருள் ஒருவர் உருக்கத்தோடு கூறுகின்றார்!

அரங்கு சிரிக்கின்றது. சிரித்து முடிந்த பின் சிந்திக்க வேண்டியது நிறைய உண்டு. அங்கே எந்த விதியும் மீறப்படவில்லை. வாக்குகள் சரியாகவே எண்ணப்பட்டன. சிறுபான்மையோருக்கு மேசையிலே இடமும் கொடுக்கப்பட்டிருந்தது. பேசவும் விடப்பட்டனர். ஆனால், அவர்கள் யார் என்ற வினாவுக்கே பெரும்பான்மையின் வாக்கு விடையளித்துவிட்டது. சிறுபான்மையோர் ஒருவரைப் பற்றிய தீர்ப்பு, அவர்கள் பெயராலேயே, அவர்களது மறுப்பின் மேலேயே நிறைவேற்றப்பட்டது. இதற்கு மேல் விளக்கம் கூறி நமது வாசகரை அவமதிக்க நாம் விரும்பவில்லை.

பரிசும் பரிசளித்தவரும்

படத்தின் முடிவும் கவனிக்கத்தக்கது. தன் கதையைப் படமாக்க வந்த தயாரிப்பாளனிடம் மங்க் முடிவுகள் சிலவற்றைச் சொல்கின்றான். மேடையிலே உண்மையைக் கூற முற்படுகையில் திரை இருளட்டும் என்கின்றான். தயாரிப்பாளனுக்கு அது பிடிக்கவில்லை. காதலியிடம் ஓடட்டும் என்கின்றான், அதுவும் பிடிக்கவில்லை. பொலிசார் உட்புகுந்து, கையிற் பரிசோடு நிற்கும் மங்கைச் சுட்டு வீழ்த்தட்டும் என்கின்றான். தயாரிப்பாளன் துள்ளிக் குதிக்கின்றான். கறுப்பினத்தவன் குருதியில் மிதந்தாற்றான் கதை நிறைவு பெறும் என்பதே அவனது தீர்மானம். வெளியே வரும் மங்க், வேறொரு படத்துக்காக அடிமை வேடம் தரித்திருக்கும் கறுப்பின நடிகனொருவனைக் காண்கின்றான். இருவரும் பேசாமலே ஒருவரையொருவர் அறிந்துகொள்கின்றனர்.

தன்னை எடுத்த தொழிலையே படம் இவ்வாறு சாட்சிக் கூண்டில் ஏற்றியது. அத்தொழிலோ எழுந்து நின்று கைதட்டிப் பரிசும் கொடுத்தது. இதனை வெற்றியென்பதா, தோல்வியென்பதா? குற்றஞ்சாட்டப்பட்டவன் குற்றப்பத்திரிகையின் நடையழகை மெச்சிப் பரிசளித்தால், வழக்கு முடிந்துவிட்டது என்று பொருளாகுமா?

ஜெபர்சன் தாமே இதனை உணர்ந்திருந்தார் என்று தோன்றுகின்றது. பரிசைப் பெற்றுப் பேசுகையில் அவர் கண்ணீர் வடிக்கவில்லை. கணக்கு ஒன்று காட்டினார். இருபது கோடி டொலர் செலவிலே ஒரு படத்தை எடுப்பதற்குப் பதிலாக, ஒரு கோடி டொலரில் இருபது படங்களை எடுங்கள் என்று கேட்டார். நமக்கு அது நியாயமான வாதமாகப் படுகின்றது. ஒரு படந்தான் வருமென்றால், அந்த ஒன்றே முழு இனத்துக்கும் சாட்சி சொல்லவேண்டும். இருபது வந்தால், ஒன்று வைத்தியரைப் பற்றியும், ஒன்று திருடனைப் பற்றியும், ஒன்று மீன்பிடிக்கப் போனவனைப் பற்றியும் இருக்கலாம். எவரும் எவருக்கும் பொறுப்பாக வேண்டியதில்லை. முத்திரை ஒழிவது எண்ணிக்கையால், அனுதாபத்தால் அன்று.

எவரெட்டின் கதையும் இதற்கு ஒரு பாடமே. 'இரேஷர்' 2001இல் ஒரு பல்கலைக்கழகப் பதிப்பகத்தின் வாயிலாகவே வெளிவந்தது. பெருந்திரளான வாசகர் அதன் பெயரை அறிந்தது படம் வந்த பின்னரே. ஹக்கில்பெரி ஃபின்னின் கதையை அடிமை ஜிம்மின் வாயால் மீண்டும் கூறும் அவரது 'ஜேம்ஸ்' நாவல், 2024இல் அமெரிக்காவின் தேசிய நூற் பரிசையும் 2025இல் புலிட்சர் பரிசையும் பெற்றது. அந்த ஜிம், வெள்ளையர் முன்னிலையிற் கொச்சை மொழி பேசி, தன் மக்களிடையே செம்மொழி பேசுபவன். கேட்போர் விரும்பும் மொழியிற் பேசிப் பிழைக்க வேண்டிய நிலையே இரு நூல்களின் கருவும்.

நமக்குரியது

இவ்வளவும் அமெரிக்க மக்களின் வழக்கு. அவர்களது வரலாற்றை நமது வரலாறென்று உரிமை கொண்டாடுவது தகாது. அடிமைக் கப்பலில் ஏற்றப்பட்டவர்களின் துயர் அவர்களுக்கே உரியது. எனினும், உலகத்து நடுவர் மேசை நமக்குப் புதியதன்று. 2015இல் பிரெஞ்சு நெறியாளர் ஜாக் ஓடியாரின் 'தீபன்' படம் கான் விழாவின் உயரிய பரிசாகிய தங்கப் பனையை வென்றது. ஈழத்துப் போராளியாயிருந்து பாரிஸ் புறநகரிலே காவற்பணி செய்யும் அகதியின் கதை அது. படத்தின் பெரும்பகுதி தமிழிலேயே பேசப்பட்டது. தீபனாக நடித்தவர், ஷோபாசக்தி என்னும் பெயரில் நாவல்கள் எழுதிய நம்மவர். அமைதியை நாடி ஓடிவந்த அம்மனிதனை, படத்தின் இறுதியில் நெறியாளர் மீண்டும் ஆயுதமேந்த வைக்கின்றார். நடிப்பிலே உண்மை இருந்தது. அம்மொழி திரையில் ஒலித்ததிலே நமக்குப் பெருமையும் இருந்தது. எனினும், ஆயுதமேந்தாது முடிந்திருந்தால் அக்கதையை உலகம் கேட்டிருக்குமா என்னும் வினா நமக்குள் எழாமல் இல்லை.

நீதிமன்றத்திலே சாட்சி கேட்ட கேள்விக்கே விடையளிக்கலாம். கேட்கப்படாததைக் கூற முனைந்தால், அது பொருத்தமற்றது என்று நிறுத்திவிடுவர். நடந்ததைச் சாட்சி சொல்வது நமது கடமை. அதிலிருந்து ஒருபோதும் தவறலாகாது. ஆனால், என்றென்றும் சாட்சியாக மட்டுமே அழைக்கப்படும் மக்கள், கேள்வி கேட்கும் உரிமையை இழந்தவர்களாவர்.

ஆதலின், நம்மைப் பற்றியதோ பிறரைப் பற்றியதோ, ஒரு கதை திரைக்கு வரும்போது மூன்று வினாக்களை எழுப்புமாறு வாசகரை வேண்டுகின்றோம். இக்கதையை விலைகொடுத்து வாங்கியவர் யார்? வாங்கப்படாமற் திருப்பி அனுப்பப்பட்ட கதைகள் எவை? இதில் நகைக்கப்படுபவன் மறுமொழி கூற இடம் கொடுக்கப்பட்டதா? இவற்றுள் மூன்றாவதை நம்மை நோக்கியே முதலிற் கேட்போமாக. நமது மேடைகளிலும் கதைகளிலும் தோட்டத் தொழிலாளி எவ்வாறு பேச வைக்கப்படுகின்றான்? கமக்காரன் எதற்காகச் சிரிப்பூட்டுபவனாகின்றான்? அந்த மேசையிலே நடுவராக அமர்ந்திருப்பவர் நாமே அன்றோ?

'அமெரிக்கன் பிக்ஷன்' குறைகளோடு கூடிய நல்ல படம். பார்க்கத் தக்கது. 'இரேஷர்' குறைவற்ற கசப்போடு கூடிய சிறந்த நாவல். அதனை அவசியம் படிக்கவேண்டும். தமிழில் ஆக்கித் தருவதற்கு ஆற்றலுடையோர் முன்வரவும் வேண்டும். அமெரிக்கத் தொழிலோ, சிரித்துப் பரிசளித்ததோடு தன் கடன் தீர்ந்ததென்று எண்ணலாகாது. பாரசீகரைப் பற்றி எழுதும் கறுப்பின எழுத்தாளனின் பிரதி, காரணம் கேட்கப்படாமல் அச்சேறும் நாளிலேயே அக்கடன் தீரும். வாக்கு எண்ணிக்கையில் மூவர் எப்பொழுதும் இருவரை வெல்வர். ஆனால், அவ்விருவரும் யார் என்று தீர்மானிக்கும் உரிமை வாக்குக்கு விடப்படும் பொருளன்று.